இரும்பில்லாத அறை

புளியரைக்கு மேலே, எஸ் வளைவு முடியும் இடத்தில்
என் அலுவலகம். எட்டுக்குப் பத்து.
ஆணிகள் செம்பு, கீல்கள் பித்தளை.
கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் டப்பா:
சாவிக்கொத்து, கைபேசி, கொண்டை ஊசி,
முந்தானையில் குத்திய பின்.
உள்ளாடைக் கொக்கியைப் பற்றி
தலைமையகத்துக்கு ஒருமுறை கடிதமே எழுதினேன்.
பதில் வரவில்லை.
கொக்கியைப் பிய்த்துவிட்டு நாடா தைத்துக்கொண்டேன்.

நம் இரும்பைக் களைந்தால்தான்
பூமியின் இரும்பு பேசுவது கேட்கும்.

இந்த ஊரில் ஊசி படுத்தே கிடக்கும்.
டில்லியில் தலை குனியும்,
நார்வேயில் ஏறக்குறையத் தலைகீழ்.
இங்கே மட்டும்
மத்தியானச் சோறு உண்டவன் போல நீட்டி நிமிர்ந்து.
அப்படிப் படுக்க வைக்கும் கோடும்
வருஷத்துக்குக் கொஞ்சம் நகர்கிறது,
செக்போஸ்டில் நிற்காமல்.

ஜூன் இருபது ஆகியும் சாரல் இல்லை.
ஆரியங்காவுப் பக்கம் மலை முழுக்க வெயில்.
மாடக்கண்ணுவின் கார் நாற்று பழுக்கத் தொடங்கியிருந்தது.
வேலிக்கு அப்பால் சைக்கிளை நிறுத்தினார்
(முப்பதடி; இரும்புக்கு அதுதான் எல்லை).

"வடதுருவம் ரஷ்யாவுக்கு ஓடுதாம்லா.
சூரியன்ல புண்ணு வந்திருக்காம்.
அதாம் மழை வழி தப்பிட்டுன்னு செல்லுல ஒருத்தன் சொல்லுதான்.
நீங்க உள்ள உக்காந்து அதத்தான பாக்குதிய?
ஒரு வார்த்தை சொல்லுங்க.
நாத்த அழிச்சிட்டு உளுந்து போடட்டுமா?"

ஓடுகிறது என்றேன். வருஷத்துக்கு நாற்பது கிலோமீட்டர் போல.
தென்காசிக்கும் தென்மலைக்கும் உள்ள தூரம்.
சூரியப் புள்ளியும் உண்மை.
மே மாதம் ஓர் இரவு லடாக்கில் வானம் சிவந்தபோது
என் கோடு கயிறு அறுந்த வாளியாய்க் கிணற்றில் இறங்கியது,
மேலே வர இரண்டு நாள் ஆனது.
அன்றைக்கு இங்கே வெயில் எப்படி?
முந்தின நாள் மாதிரிதான்.

அவருக்கு அது போதவில்லை. எனக்கும்.

இரவு அறிக்கைகளைப் புரட்டினேன்.
நாற்பதாயிரம் வருஷத்துக்கு முன்
காந்தம் ஒருமுறை நூலாய் இளைத்திருக்கிறது.
பனிப்பாறைக்குள் சாட்சி உண்டு.
வானிலையும் சேர்ந்து மாறியதா என்ற பக்கத்தில்
படித்தவர்களுக்குள் இன்னும் வாய்க்கால் தகராறு.
பதினோரு வருஷத்தில் சூரியன் ஏறி இறங்குவது
ஆயிரத்தில் ஒரு பங்கு,
ஒரு மூட்டை நெல்லில் ஒரு கைப்பிடி.
கைப்பிடி பொய்யில்லை.
மூட்டையே காணாமல் போனால்
கைப்பிடியைப் பிடித்து அடிக்க முடியாது.

தாளில் சூரியனைத் தேடினால் கிடைப்பது லாரி.
இரண்டு பத்துக்கு ஒரு பல்.
இரண்டு பதினாலுக்கு அடுத்தடுத்து இரண்டு.
ஜல்லி, எம்-சாண்ட், கருங்கல்.
கேரளத்துக் கடலோரம் எங்கேயோ எதையோ நிரப்ப
எங்கள் பக்கத்துக் குன்றுகள்
இரண்டாம் கியரில் மலையேறிப் போகின்றன.
ஒவ்வொரு பல்லையும் பென்சிலால் வட்டமிட்டு
ஓரத்தில் 'இடையூறு' என்று எழுத வேண்டும்.
நீக்கிய பிறகே தரவு போகும்.

அன்றைக்கு நீக்கியவற்றை எண்ண ஆரம்பித்தேன்.
ஒரு வருஷத்தோடு விரல் மரத்துவிட்டது.
இந்த ஊசி புகையை அளக்காது.
ஆனால் புகை போன வழியை
இத்தனை காலமும் பல் பல்லாய் எழுதியிருக்கிறது.
அடித்துக்கொண்டே வந்தது நான்.

காலையில் ஷைலஜா கடையில் கட்டன்சாயா குடித்துவிட்டு
வயலுக்கு இறங்கினேன்.
"துருவத்து மேல பழி இல்ல."
"அப்ப யாரு மேல?"
வளைவில் ஒன்று முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது.
கை காட்டினேன். அது மட்டுமில்லை,
அந்த மாதிரி உலகத்தில் ஓடுவது எல்லாம் என்றேன்.
அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.
"அது நம்ம மூத்தவன் வண்டில்லா."

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "சரி, உளுந்து?" என்றார்.

எனக்கு உளுந்து தெரியாது. அதைச் சொன்னேன்.
பாதி பதில் சொன்னதாலோ என்னவோ
பாதி நாற்றங்காலை மட்டும் அழித்தார்.